செங்கெனித்: இரண்டு ஞாபகச் சின்னங்கள்

பொது இடங்களில் நிற்கும் பெயர்ப் பட்டியல்களைக் கண்டால் அங்கே இல்லாத பெயர்களைத் தேடுவது எனக்கொரு கெட்ட பழக்கம். தெற்கு வேல்ஸில் ஏபர் பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கும் செங்கெனித் இந்தப் பழக்கத்திற்குத் தோதான ஊர். 1891ல் சுரங்கம் வெட்ட ஆரம்பித்தார்கள். அதை ஒட்டி உண்டான ஊர் அது. அதன் நடுவில் ஒரு மணிக்கூண்டு. முதல் உலக யுத்தத்தில் மாண்ட ஊர்க்காரர்களுக்கு, யுத்தம் முடிந்த சில வருஷங்களுக்குள் எழுப்பியது. பெரும்பாலும் சுரங்கச் சம்பளத்தில் வளர்ந்த வீடுகளின் பிள்ளைகள் அவர்கள்.

யுத்தம் தொடங்குமுன்பே ஊர் பிணம் எண்ணியாகிவிட்டது. 1901 மே மாதத்திலேயே ஒரு வெடிப்பு, 81 பேர். பிறகு 1913 அக்டோபர் 14, காலை எட்டு மணி சுமாருக்கு இரண்டாவது. மீத்தேன் கசிந்திருக்கிறது, சமிக்ஞைக்கு வைத்திருந்த மின்சார மணியின் பொறி அதைப் பற்ற வைத்திருக்கலாம். முதல் வெடிப்பு கிளப்பிய நிலக்கரித் தூசி அடுத்தடுத்து வெடித்துச் சுரங்கத்திற்குள் ஓடியது. நெருப்புக்குத் தப்பியவர்களைக் கார்பன் மோனாக்ஸைடு தீர்த்தது. 439 தொழிலாளிகள், மீட்கப் போன ஒருவர். செத்தவர்களில் எட்டுப் பேருக்கு வயது 14.

காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் வசதி வேண்டும் என்று 1911ம் வருஷச் சட்டம் சொன்னது. கெடு நீட்டப்பட்டு, அதுவும் முடிந்திருந்தது, வசதி செய்யப்படவில்லை. மானேஜருக்கு அபராதம் 24 பவுன். லூயிஸ் மெர்தர் கம்பெனிக்கு, மேல்முறையீட்டுக்குப் பிறகு, 10 பவுன். மானேஜரின் அபராதத்தை வகுத்துப் பார்த்து உயிருக்கு 1 ஷில்லிங் 1¼ பென்ஸ் என்று ஒரு பத்திரிகை கணக்குப் போட்டது.

சுரங்கத்தில் செத்தவர்களுக்கு ஊரில் ஞாபகச் சின்னம் வந்தது 1981ல். 68 வருஷம் கழித்து. திறந்து வைத்தது தேசிய நிலக்கரி வாரியம். சுரங்கம் 1928லேயே மூடப்பட்டுவிட்டது. கம்பெனி தன் பங்கிற்கு ஒரு கல்லும் நடாமல் கதையிலிருந்து வெளியேறியாகிவிட்டது.

யுத்தத்தில் செத்தவன் தேசத்திற்காகச் செத்தான், சுரங்கத்தில் செத்தவன் கூலிக்காகச் செத்தான் என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. அது எடுபடாது. வேல்ஸ் கரியில்தான் பிரிட்டிஷ் கடற்படை ஓடியது. 1915 ஜூலையில் தெற்கு வேல்ஸில் இரண்டு லட்சம் சுரங்கத் தொழிலாளிகள் கூலிக்காக வேலை நிறுத்தம் செய்தபோது, யுத்தத் தளவாடச் சட்டத்தைக் காட்டி அது குற்றம் என்றது அரசாங்கம். (அவர்கள் அசையவில்லை. ஒரு வாரத்திற்குள் லாயிட் ஜார்ஜே இறங்கி வந்தார்.) 1916 டிசம்பரில் அந்தச் சுரங்கங்கள் முழுவதும் அரசாங்கத்தின் பிடிக்குள் வந்தன. ஆக, அடக்குவதற்கு அவன் சிப்பாய். பெயர் பொறிக்கும் நேரத்தில் மட்டும் கூலிக்காரன்.

மணிக்கூண்டைக் குறை சொல்வதற்கில்லை. அகழிகளில் செத்தவர்களின் தாய்மார்களுக்கு அது வேண்டியிருந்தது. பல உடல்கள் ஊர் திரும்பவே இல்லை. 1913ல் இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் விதவையானார்கள். அவர்களில் எத்தனை பேர் பிறகு ஒரு மகனையும் யுத்தத்திற்குக் கொடுத்து, அந்த ஒரு பெயரை மட்டும் அங்கே நின்று படித்திருப்பார்கள்?

2013 அக்டோபர் 14 அன்று, நூறாம் வருஷத்தில், பழைய சுரங்கம் இருந்த இடத்தில் வேல்ஸ் முழுமைக்குமான சுரங்க ஞாபகச் சின்னம் திறக்கப்பட்டது. வெண்கலத்தில் இரண்டு ஆட்கள்: உயிர் தப்பிய ஒரு தொழிலாளி, அவனைத் தாங்கிப் பிடிக்கும் மீட்பாளன்.