டோவர்: குடையப்பட்ட வெள்ளைச் சுவர்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டத்தில் உள்ள துறைமுக ஊர் டோவர். பிரான்சிலிருந்து கப்பலில் வருபவர்களுக்கு ஊர் தெரிவதற்கு முன்பே அதன் வெள்ளைப் பாறைச் சுவர் தெரிந்துவிடும். கடலோரத்தில் செங்குத்தாக எழும்பி, சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. எதிரே பிரான்ஸ் கரை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தூரம்தான். வானம் தெளிவாக இருந்தால் அக்கரை கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் உள்ள செயின்ட் மார்கரெட்ஸ் விரிகுடாவில் நின்றால், செல்போன் பிரெஞ்சு நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு 'பிரான்சுக்கு வருக' என்று செய்தி காட்டுவதும் உண்டு!

ஆங்கிலேயர்கள் இந்தப் பாறையைத் தங்கள் நாட்டின் மதில்சுவராக நினைத்துப் பழகிவிட்டார்கள். ஆனால் டோவரின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. இந்த மதிலை மனிதர்கள் எண்ணூறு ஆண்டுகளாகக் குடைந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். சில சமயம் ஆட்களை உள்ளே விட, பல சமயம் விடாமல் தடுக்க.

குடைய முடிந்ததற்குக் காரணம் பாறையின் தன்மை. இது சாக் என்னும் மென்மையான சுண்ணாம்புப் பாறை. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கடியில் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடியில் படிந்து இறுகியதுதான் இந்தப் பாறை. (வகுப்பறையில் இன்று எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், இதற்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே.) சாதாரண இரும்புக் கருவியாலேயே இதைக் குடைந்துவிடலாம்.

வெள்ளையாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கடல் அடியை அரிக்கிறது, முகப்பு இடிந்து விழுகிறது, உள்ளிருந்து புதுப் பாறை வெளியே வருகிறது. கடல் எட்டாத இடங்களில் புல் முளைத்துப் பச்சையாகிவிடுகிறது. ஆக, இடிவதால்தான் அது வெள்ளை.

கி.மு. 55ல் ஜூலியஸ் சீசர் படையோடு வந்தபோது பாறை மேல் பிரிட்டானியர் ஆயுதங்களுடன் வரிசையாக நின்றார்கள். மேலிருந்து எறிந்தால் கரை வரை ஈட்டி வந்து விழும் இடம். சீசர் அங்கே இறங்காமல் சில மைல் தள்ளிப்போய்த் திறந்த கடற்கரையில் இறங்கினார். பாறை மதிலாக வேலை செய்தது என்று சொல்லலாம்தான். ஆனால் எதிரி சுற்றிக்கொண்டு வந்துவிட்டானே! பிறகு ரோமானியர்களே இங்கு ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். அது இன்றும் டோவர் கோட்டைக்குள் நிற்கிறது.

இரண்டாம் ஹென்றி மன்னன் 1180களில் இந்தக் கோட்டையைப் பெரிதாகக் கட்டினான். 1216ல் பிரெஞ்சு இளவரசன் லூயி முற்றுகையிட்டான். கவண்களால் முடியாதபோது அவனுடைய ஆட்கள் வடக்கு வாசலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ஒரு கோபுரத்தையே சாய்த்துவிட்டார்கள். ஹ்யூபர்ட் டி பர்க் தலைமையிலான காவலர்கள் உடைந்த இடத்தை மரங்களால் அடைத்து, உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். கோட்டை விழவில்லை. ஆனால் ஒரு பாடம் கிடைத்தது. போர் முடிந்ததும் அந்த வாசலை நிரந்தரமாக மூடிவிட்டு, ஆங்கிலேயர்கள் தாங்களே அதே பாறைக்குள் தற்காப்புச் சுரங்கங்கள் வெட்டினார்கள். எதிரியிடம் கற்றுக்கொண்ட வித்தை.

1797லிருந்து பிரெஞ்சுப் படையெடுப்புப் பயத்தில் பாறைக்குள் படைவீரர் குடியிருப்புகளே வெட்டப்பட்டன. உச்ச நிலையில் 2000க்கும் மேற்பட்ட வீரர்கள் உள்ளே தங்கியிருந்தார்கள். 1843ல் ரயில் பாதைக்காக ரவுண்ட் டவுன் என்ற முகட்டையே தகர்த்தார்கள். பொறியாளர் வில்லியம் கியூபிட் சுமார் 8 டன் வெடிமருந்தை உள்ளே வைத்து மின்சாரத்தால் பற்றவைக்க, வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் கண்முன்னே முகடு அப்படியே சரிந்து கடலில் இறங்கியது. மதிலை உடைத்தார்களே என்று யாரும் அழுததாகத் தெரியவில்லை. ஆனால் 1880களின் தொடக்கத்தில் பிரான்சுக்குக் கடலடிச் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது மட்டும், அதன் வழியாகப் பிரெஞ்சுப் படை வந்துவிட்டால் என்ன ஆவது என்று பயந்து அரசே நிறுத்திவிட்டது.

இந்தக் குடைதல்களுக்கெல்லாம் அர்த்தம் கிடைத்தது 1940 மே மாதக் கடைசியில். பிரான்சின் டன்கர்க் கரையில் பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் ஜெர்மன் படையிடம் சிக்கிக்கொண்டார்கள். மீட்புப் பணியை நடத்திய துணை அட்மிரல் பெர்ட்ரம் ராம்சேயின் தலைமையகம் நெப்போலியன் காலத்தில் வெட்டிய அதே சுரங்கங்கள்தான். 45,000 பேரை மீட்டால் பெரிது என்பது ஆரம்பக் கணக்கு. மே 26 முதல் ஜூன் 4 வரை கரை சேர்ந்தவர்கள் 3,38,000க்கும் மேல். பிரெஞ்சுக்காரர்களைத் தடுக்க வெட்டிய குகையில் இருந்துகொண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களையும் காப்பாற்றினார்கள்!

அதன்பின் டோவர் மக்களுக்கு நான்கு ஆண்டு நரகம். ஜெர்மானியர்கள் எதிர்க்கரையில் ராட்சத பீரங்கிகளை நிறுத்தினார்கள். குண்டு கடலைத் தாண்டி வர ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் ஆகும். விமானம் என்றால் முன்கூட்டியே சங்கு ஊதலாம். பீரங்கிக்கு முதல் குண்டு விழுந்த பிறகுதான் ஊத முடியும். அந்த முதல் குண்டு யார் தலையில் என்பது யாருக்கும் தெரியாது. 1944 செப்டம்பர் வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. பொதுமக்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மற்றவர்கள் பாறைக் குகைகளில் குழந்தைகளோடு படுத்துத் தப்பித்தார்கள். டோவர் பற்றிப் பெருமையாகப் பேசும் பலர் மீட்புக் கப்பல்களோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் குகைவாசத்தையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

தடைபட்ட கடலடிச் சுரங்கம் கடைசியில் 1994ல் திறக்கப்பட்டது. தோண்டிய மண்ணில் சுமார் 49 லட்சம் கன மீட்டரைப் பாறையின் அடிவாரத்திலேயே கடலில் கொட்டி, 30 ஹெக்டேர் புது நிலம் உருவாக்கினார்கள். சாம்ஃபயர் ஹோ என்ற அந்த இடம் இன்று இயற்கைப் பூங்கா. இங்கிலாந்து தோண்டித் தோண்டிக் கொஞ்சம் பெரிதாகவும் ஆகிவிட்டது.

சுரங்கமும் வேண்டாம் கப்பலும் வேண்டாம் என்று நீந்தியவர்களும் உண்டு. 1875ல் மேத்யூ வெப் டோவரிலிருந்து 21 மணி 45 நிமிடத்தில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். 1994ல் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் இந்தக் கால்வாயைக் கடந்தான். அதற்குப் பத்தாண்டு முன்பு, பாக் நீரிணையைப் போகவர நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் இதே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். இங்கே தண்ணீர் கொடுமையான குளிர்.

அக்குளிரைத் தெரிந்தும் காற்றடைத்த படகில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2000 ஜூனில் டோவர் துறைமுகத்தில் தக்காளி லாரி ஒன்றைத் திறந்தபோது மூச்சுமுட்டி இறந்த 58 சீனர்களின் உடல்கள் கிடந்தன. காற்றுத் துளை மூடப்பட்டிருந்தது. 2021 நவம்பர் 24 அன்று கால்வாயில் ஒரு படகு கவிழ்ந்ததில் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஈராக்கின் குர்துகள்.

இன்று டோவருக்குப் போகிறவர்கள் கோட்டைச் சுரங்கங்களை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பாறை உச்சியில் நடக்கவும் பாதை உண்டு. விளிம்புக்கு மட்டும் போகக் கூடாது. 2012 மார்ச்சில் அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான டன் பாறை ஒரே சரிவில் கடலில் விழுந்தது. அதே ஆண்டு பொதுமக்கள் நன்கொடை கொடுத்து, 12 லட்சம் பவுண்டுக்குப் பாறையின் ஒரு பகுதியை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு வாங்கிக் கொடுத்தார்கள். சரிந்த இடம் மட்டும் சுற்றியிருந்த பாறையை விடப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது.