பைலாவின் பங்காளி

பதுளைக்குப் போகும் கோச்சி தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டியதும் மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் புகும். மூன்றாம் வகுப்பில் ட்ரிப் வந்த இளவட்டங்கள் இருந்தால் அந்த இருட்டில் ஒரே கூச்சல்தான். தண்ணீர்க் கேனும் ஜன்னல் பலகையும் மேளமாகிவிடும். தாளம், சந்தேகமில்லாமல் பைலா.

போர்த்துக்கேய மொழியில் ‘பைலார்’ என்றால் ஆடுதல். 1505இல் இலங்கைக்கு வந்தவர்கள் 1658இல் கடைசிக் கோட்டையையும் ஒல்லாந்தரிடம் விட்டுப் போனார்கள், சொற்கள் போகவில்லை. காலையில் பாண் தின்று, சப்பாத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் வாயில் இன்றும் இருப்பது அவர்கள் பாஷைதான். தமிழ் ‘பயில்’ என்பதோடு பைலாவை முடிச்சுப்போட யாருக்காவது ஆசை வரலாம். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது.

போர்த்துக்கேயர் பாட்டும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர் தாளமும் கலந்து பிறந்தது ‘கஃப்ரிஞ்ஞா’. மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினோடு ஆடிவந்தது அதைத்தான். பொலிஸ்காரராக இருந்த வொலி பாஸ்டியன் 1940களில் அந்தத் தாளத்துக்குச் சிங்கள வரிகளைக் கட்டி மேடையேற்றினார். ‘வாத பைலா’ என்றொரு வகை உண்டு: இருவர் எதிரெதிரே நின்று, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டி ஒருவரையொருவர் மடக்குவார்கள். லாவணி கேட்டவர்களுக்கு அது புதிதாக இராது.

தேயிலைத் தோட்டத்துத் துரைமாரும் ஆடினார்கள். மெழுகு பூசிய பலகைத் தரை, மூலையில் பாண்ட், வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட். 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு இன்றும் கோட்டும் டையும் வேண்டும். லயத்து ஆள் அப்படிப்பட்ட தரையை மிதித்தால், அது தட்டு ஏந்திப் போகத்தான்.

அந்த நடன இரவுக்கு ஆங்கிலத்தில் ‘பால்’ என்று பெயர். இங்கேதான் வேடிக்கை. ‘பால்’, ‘பைலா’ இரண்டுமே ஆடுதலைக் குறித்த பிற்கால லத்தீன் ‘பல்லாரே’யிலிருந்து வந்தவை. ஒன்று பிரெஞ்சு வழி, மற்றது போர்த்துக்கேய வழி. (உருட்டி விளையாடும் ‘பால்’ வேறு குலம்.) கோட்டுப் போட்டு ஆடியவரும் சாரத்தை மடித்துக் கட்டி ஆடியவரும் சொல்லால் பங்காளிகள். ஆனாலும் பைலாவைக் கீழான கூத்து என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள் மேட்டுக்குடியினர்.

தமிழில் பொருள் வந்தது, பெயர் வரவில்லை. இலங்கைப் பாடகர்கள் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பைலாத் தாளத்தில் பாடியபோது அதற்கு ஒட்டிய பெயர் ‘பொப்பிசை’. மனோகரனின் ‘சுராங்கனி’, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. பைலா என்ற சொல் கடல் தாண்டவில்லை.

இலங்கை விருந்துகளில் பாண்ட்காரர்கள் முதலில் வாசிப்பது மெல்லிய வால்ட்ஸ். சாமம் ஏறினால் பைலா. அதற்குப் பிறகு நாற்காலியில் ஆள் இருக்காது.