பரங்கிமலைச் சிலுவை: செதுக்கியவரா, செய்வித்தவரா?

சென்னை பரங்கிமலைச் சிலுவையில் உள்ள பஹ்லவி (பழம் பாரசீக) எழுத்துக்கு இன்று பரவலாக எடுத்தாளப்படும் பொருள், சி. பி. டி. விங்க்வொர்த் 1930இல் வெளியிட்ட வாசிப்பிலிருந்து வந்தது. கிறிஸ்துவிடம் இரக்கம் வேண்டும் மன்றாட்டு அது என்றார் அவர். சஹார்பூக்த்தின் மகனான அஃப்ராஸ் என்னும் சிரியருக்காக அந்த இரக்கம் கேட்கப்படுகிறது; ‘இதை வெட்டியவர்’ அவரே. மன்றாட்டு என்பதை முழுமையாக ஏற்கிறேன். ‘வெட்டியவர்’ என்ற கடைசிச் சொல்லையும், அதை நம்பி ‘கடல் கடந்து வந்த சிற்பி தம் கைப்பட அடித்த கல்’ என்று முடிவுகட்டுவதையும் ஏற்க இயலவில்லை.

விங்க்வொர்த் செய்தது சிறிய காரியம் அன்று. 1547இல் போர்ச்சுகீசியர் மலைமேல் கோயிலுக்குக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்தது இக்கல். அவர்கள் அழைத்துவந்த பிராமண அறிஞர் ஒருவர் அதில் திருத்தூதர் தோமாவின் வரலாற்றையே படித்துச் சொன்னதாகக் குறித்துவைத்தனர். 1873இல் ஏ. சி. பர்னல்தான் எழுத்து பஹ்லவி என்று எடுத்துக்காட்டினார். ஆனால் அவரும், அவரை அடுத்து வந்த ஹௌக், வெஸ்ட் ஆகியோரும் சிலுவைப்பாடு பற்றிய சமயக் கோட்பாட்டையே அதில் தேடினார்கள். வளைவைச் சுற்றி ஓடும் வரி, குறிகளால் பெரிதும் சிறிதுமாக இரண்டு துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. எந்தத் துண்டிலிருந்து தொடங்குகிறோமோ அதற்கேற்பப் பொருள் மாறும். பர்னலின் வாசிப்பில் மனிதர் எவருமில்லை. தந்தை பெயரோடு ஒரு மனிதரை முதலில் அடையாளம் கண்டவர் விங்க்வொர்த். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதனால்தான் அவருடைய கடைசிச் சொல் கேள்வி கேட்கப்படாமலேயே நிலைத்துவிட்டது.

கல்லைப் பார்ப்போம். நான்கு முனைகளும் மொட்டாக விரியும் சிலுவை. அதன் தலைக்குமேல் கீழ்நோக்கி இறங்கும் புறா. அடியில் படிப்பீடம், இலைக்கொடி. இதுவரை மேற்காசியக் கிறித்தவ மரபு. அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த, எழுத்தில்லாத சிலுவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பரங்கிமலைக் கல்லில் சிலுவைக்கு இருபுறமும் தூண்கள் நிற்கின்றன. அவற்றின்மேல் மகரம் போன்ற விலங்குகள், அவற்றை இணைக்கும் வளைவு. அநுராதபுரத்தில் இந்த அமைப்பு கிடையாது. மகர தோரணத்தின்கீழ் இறையுருவை வைக்கும் பழக்கம் எந்நாட்டுச் சிற்பிக்கு உரியது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. கை உள்ளூர்க் கை. வேண்டுதல் பாரசீக வணிகச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவருடையது.

அப்படியானால் அந்த வினைச்சொல்? 1970இல் கெர்ட் க்ரோப் அதே இடத்தில் ‘கொண்டுவந்தவர்’ என்ற பொருளை முன்வைத்தார். பெயரையும் அவர் சப்ரீஷோ என்று படித்தார். கப்ரியேல் என்று படிப்போரும் உண்டு. பஹ்லவியில் பல ஒலிகள் ஒரே எழுத்துருவில் ஒடுங்கிவிடுவதால் எழுத்தை மட்டும் வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது. ‘வெட்டியவர்’ என்பதே சரி என்று வைத்துக்கொண்டாலும் விங்க்வொர்த்தின் வாசிப்பிலிருந்து சிற்பி பிறக்கமாட்டார் என்பதே என் வாதம். அதற்குச் சான்று எங்கள் நெய்க்காரப்பட்டிக்கு அருகிலேயே, ஐவர்மலையில் இருக்கிறது.

ஐவர்மலையின் சமணப் புடைப்புச் சிற்பங்களோடு சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டு சக ஆண்டு 792ஐத் தருகிறது, கி.பி. 870. இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு அது. அவன் 862இல் முடிசூடினான் என்று கணிக்க உதவிய கல்வெட்டு என்பதால் வரலாற்று மாணவர் எல்லோரும் அறிந்ததே. அதில் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் ‘புதுக்கி’, 505 காணம் பொன் அளித்ததாகச் செய்தி. ‘புதுப்பித்து’ என்றில்லை, ‘புதுக்கி’ என்றே இருக்கிறது. துறவி உளியெடுத்தார் என்று இதற்கு எவரும் பொருள் கொள்வதில்லை. அழகர்மலை, கருங்காலக்குடி ஆகிய இடங்களில் ‘அச்சணந்தி செயல்’ என்றே பொறித்திருக்கிறார்கள். பாண்டிநாட்டு மலைதோறும் பெயர் காணப்படும் சமணத் துறவி அச்சணந்தியைச் சிற்பி என்று நாம் எழுதுவதில்லை. மாங்குளத் தமிழிப் பொறிப்பிலும் கழுகுமலையிலும் பிறவினையில் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மொழியிலேயே, தன்வினை இப்படிப் புரவலரைக் குறிக்கிறது.

தொலைவில் அயர்லாந்திலும் இதுவே நிலை. மொனாஸ்டர்பாய்ஸில் நிற்கும் உயர்ந்த கற்சிலுவையின் அடியில், இதைச் செய்வித்த முய்ரதாக்குக்காக மன்றாடுங்கள் என்று கேட்கும் எழுத்து இருக்கிறது. அவர் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த மடாதிபதி என்றே பலர் கொள்கின்றனர். செதுக்கிய கைகளுக்குப் பெயரில்லை. கல்லில் பெயர் பெறுபவர் செலவிட்டவர். பரங்கிமலை மட்டும் விதிவிலக்கு என்று சொல்பவரே சான்று காட்ட வேண்டும்.

இனி என் வாதத்தின் மெலிந்த பகுதி. கோட்டயம் வலிய பள்ளி, கடமற்றம், முட்டுச்சிறா, ஆலங்காடு ஆகிய இடங்களின் சிலுவைகளிலும் சிறு வேறுபாடுகளோடு இதே வாசகம், இதே பெயர். ஒருவரே இத்தனை கற்களையும் வெட்டினாரா? அல்லது ஒருவரே எல்லாவற்றுக்கும் புரவலரா? இரண்டையும் முழுதாக மறுக்க முடியாது. ஆயினும் ‘இதை’ என்று ஒரு கல்லைச் சுட்டும் வாசகம் பல கற்களில் திரும்ப வருவதற்கு எளிய விளக்கம், ஒன்று மூலம், மற்றவை படிகள் என்பதே. பிற்காலச் சமூகம் அந்த எழுத்தைப் படிப்பதற்காக அல்லாமல், சிலுவையோடு பிரிக்க முடியாத புனித விளிம்பாகக் கருதிப் படியெடுத்திருக்க வேண்டும். கோட்டயத்தின் இன்னொரு சிலுவையில், படிக்கக்கூடிய சிரிய மொழியில் கலாத்தியர் நிருப வசனத்தைத் தனியே பொறித்திருப்பது இந்த ஊகத்துக்குத் துணை நிற்கிறது. பரங்கிமலைக் கல்தான் மூலம் என்று சொல்ல விருப்பம் உண்டு. ஆனால் அதற்கு விருப்பம் போதாது.

காலம் குறித்தும் அவசரம் கூடாது. பர்னல் ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டு என்றார். ஒப்பிடத் தக்க பஹ்லவி எழுத்து தென்னாட்டில் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களில் உண்டு, காலம் 849. கன்ஹேரி குகைகளின் பஹ்லவிப் பொறிப்புகள் 1009, 1021ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் கையொப்பம் எழுதத் தெரிந்தவர் இட்டது. சிலுவை வரியோ, நான் வாதிடுவது சரியானால், எழுத்தறியாத சிற்பி மாதிரியைப் பார்த்து வெட்டியது. அவ்விரண்டின் வளைவுகளையும் ஒப்பிட்டு நூற்றாண்டைக் குறிப்பது பாதுகாப்பானதன்று. ஐவர்மலைக் கல் ஆண்டைச் சொல்லிவிட்டது. பரங்கிமலைக் கல் சொல்லவில்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே நான் ஒன்பதின் பக்கம் சாய்கிறேன், நிறுவ இயலாது.

2002இல் செரெட்டி, ஒலிவியெரி, வழுதனப்பள்ளி ஆகியோர் இச்சிலுவைகளை ஒருசேர எடுத்து ஆராய்ந்தது நல்ல தொடக்கம். அடுத்த வேலை, எல்லாக் கற்களையும் ஒரே முறையில் முப்பரிமாண வருடல் செய்து, எழுத்துப் பிழைகளை வரிசைப்படுத்துவது. எந்தப் பிழை எந்தக் கல்லிலிருந்து எதற்குப் போயிற்று என்று தெரிந்தால் மூலம் எதுவென்று தெரியும். வழிபாட்டுக்கு இடையூறு இல்லாமல் இதைச் செய்ய இன்று வசதி இருக்கிறது. கோயில் பொறுப்பாளர்களும் தொல்லியல் துறையினரும் இணைந்து இதை மேற்கொள்ள வேண்டும். அதுவரை நம் கையேடுகளில் ‘செதுக்கியவர்’ என்ற சொல்லை நீக்கி ‘செய்வித்தவர்’ என்று எழுதுவோம்.