மண்ணெண்ணெய்க் காலத்து மொறிஸ் மைனர்

பழைய கார்களில் நாட்டமுள்ள இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்திக்க வந்தார். பல்லாண்டு ஓடாது நின்ற மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், புதிய பற்றரி பூட்டி மறுநாளே இயக்கப் போவதாகவும் கூறினார். "தம்பி, கொஞ்சம் பொறும்" என்று தடுத்தேன். நான் அவ்வாறு தடுத்ததற்குக் காரணம் ஒன்றுண்டு.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. 1956 முதல் அதில் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. இலங்கையிலும் அது பெருவழக்காயிற்று. என் தந்தையாரிடமும் அத்தகைய கார் ஒன்று இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உபாயத்தை நம்மவர் கைக்கொண்டனர். புகையைக் கக்கியபடி எங்கள் காரும் ஓடியது. எஞ்சின் எண்ணெய் கிடைக்காதபோது, பழையதையே துணியில் வடித்து மீண்டும் ஊற்றினோம்.

இதற்கான விலையை எஞ்சின் செலுத்தியது. பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது, பிஸ்ரன் வளையங்களைக் கடந்து அடித்தொட்டியில் இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. கரியும் அதனுடன் சேர்ந்தது.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அந்த எண்ணெயுடனேயே கார் கொட்டிலில் விடப்பட்டது. மீண்டு வந்த பின்னரும் எவரும் அதனைத் தொடவில்லை.

2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்டதும் கொழும்பிலிருந்து ஊர் சென்றேன். அந்தக் காரில் ஒருமுறை கோயிலுக்குப் போகவேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். ஊரின் முதிய மெக்கானிக் ஒருவர், எண்ணெய்த் தொட்டியைக் கழற்றாமல் இயக்கவேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் கேட்கவில்லை. பழைய எண்ணெயின்மேல் சிறிது புதிய எண்ணெயை ஊற்றி இயக்கினேன். எஞ்சின் உயிர்பெற்றது, தந்தையார் முன்னாசனத்தில் அமர்ந்து புன்னகைத்தார். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறு விளக்கு மட்டும் அணையவில்லை. விளக்கிற்றான் பழுது என எண்ணினேன். சில நிமிடங்களில் உள்ளிருந்து இரும்பு தட்டும் ஓசை எழுந்தது.

மெக்கானிக் அடித்தொட்டியைக் கழற்றினார். அடியில் கறுத்த களி; வடிதட்டு முற்றாக அடைபட்டிருந்தது. ஈரம் கலந்து சில இடங்களில் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. இந்த எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு, தொட்டிக்கு மேலே, பின்புறத்தில் இருக்கிறது. ஏழாண்டில் அதிலிருந்த எண்ணெய் வடிந்து போனதால் அதனால் உறிஞ்ச இயலவில்லை. கிராங்கின் பெயாரிங்குகள் தேய்ந்துவிட்டன. திருத்தி முடிக்க ஓராண்டு சென்றது. அதற்குள் தந்தையார் காலமாகிவிட்டார்.

அந்த முதியவரிடம் கற்றதையே இளைஞருக்கும் சொன்னேன். முதலில் பழைய எண்ணெயை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி, வடிதட்டைக் கழுவவேண்டும். பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவிடவேண்டும். பின்னர் கைப்பிடியால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். புதிய எண்ணெய் நிரப்பி, பம்பினுள்ளும் எண்ணெய் ஊற்றி, பிளக்குகள் இல்லாமலே அந்த விளக்கு அணையும்வரை சுழற்றவேண்டும். அதன் பின்னரே இயக்கலாம். சிறிது தூரம் ஓடியதும் எண்ணெயை மறுபடி மாற்றவேண்டும்; படிந்த அழுக்கு அப்போதுதான் கரைந்து வெளிவரும். காய்ந்த தக்கைக் காஸ்கற்றுகளில் கசிவு கண்டால் மாற்றிவிடலாம். கிராங்கின் பின்முனையில் இறப்பர் சீல் இல்லை, திருகுதவாளிப்பே உண்டு; அங்கு ஓரிரு துளி சொட்டுவது இயல்பு.

"இவ்வளவுக்கும் ஒரு வாரம் போய்விடுமே, ஐயா" என்றார் இளைஞர்.

போகட்டும் என்றேன். ஒரு வாரம் பொறுக்காத எனக்கு ஓராண்டு போயிற்று.