பழைய ஜாஸ் இசைத்தட்டின் தரமறிதல்

1923ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து றிச்மண்ட் நகரிலே, ஜெனெற் நிறுவனத்தார் கிங் ஒலிவர் குழுவினரின் ஜாஸ் இசையைப் பதிவுசெய்தனர். இரண்டாங் கொர்னெற் வாசித்தவர் இளைஞரான லூயி ஆம்ஸ்ரோங். ஒலிவாங்கி கொண்டு பதிவுசெய்யும் முறை அன்று பரவவில்லை. பெருங்குழல் ஒன்றின் முன் நின்றே வாசித்தனர்.

பிற்கால மறுபதிப்புக்கள் பலவும், மக்கள் வாங்கிக் கேட்டுத் தேய்ந்த பழைய தட்டுக்களிலிருந்தே எடுக்கப்பட்டன. ஆதலால் தட்டின் நிலையை மதிப்பிடுதல் வணிகர்க்கு மட்டுமன்றி வரலாற்றாசிரியர்க்கும் உரிய பணியாயிற்று.

அரக்குத் தட்டைச் சாய்ந்த ஒளியிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். உருக்கு ஊசி பலகால் உழுத வரிகள் கருமை மங்கிச் சாம்பல் நிறங் காட்டும். மேலோட்டமான கீறல் சிறு சொடுக்கொலியோடு ஒழிந்துவிடும். சாம்பல் பூத்த வரியிலோ இசையே அரிக்கப்பட்டிருக்கும். கனத்த ஊசி முதலில் அழிப்பது உரத்த பகுதிகளையே. இரு கொர்னெற்றுக்களும் ஒருங்கே முழங்கும் இடங்களும் அவற்றுள் அடங்கும். எனவே மினுக்கத்தை மட்டும் நம்பாது, அவ்விடங்களை ஒலிக்கச்செய்து கேட்ட பின்னரே தரங் கூறுதல் தகும்.

ஒரு தட்டில் தேய்ந்த பகுதி மற்றொன்றில் தேயாதிருத்தல் கூடும். ஆகையால் கீறல் விழுந்த தட்டையும் எறிந்துவிடாது பேணுதல் அறிவுடைமையாம்.