மகளிர் மட்டும்: ஒரு பெயர், இரண்டு படம், பல சிரிப்பு

பேருந்து இருக்கைக்கு மேலேயும் ரயில் பெட்டியிலும் நாம் பார்த்துப் பழகிய வாசகம் ‘மகளிர் மட்டும்’. அதையே தலைப்பாக வைத்துத் தமிழில் இரண்டு படங்கள் வந்துவிட்டன, ஒன்று 1994-இல், மற்றது 2017-இல். இரண்டாவது வந்தபோது என் வயதுக்காரர்கள் பலர், “பழைய படத்தைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள்” என்று நினைத்துத்தான் போனார்கள். திரும்பி வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: “நாகேஷ் பிணம் எங்கே?”

பழையதை அளவுகோலாக வைத்துப் புதியதை அளப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். 1939-இல் ஹாலிவுட்டில் ஜார்ஜ் குகோர் ‘தி விமன்’ என்று ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இருந்தும் அதில் ஓர் ஆண்கூட இல்லை. ஆனால் பேச்சு முழுக்க ஆண்களைப் பற்றித்தான். 2008-இல் அதை மெக் ரையனை வைத்து மறுபடி எடுத்தபோது விமர்சகர்கள் பிய்த்து எறிந்தார்கள். பழைய படத்தின் காரம் இதில் இல்லை என்பதே பொதுவான குறை.

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா ஒஸோனும் அதே படத்தை எடுக்க ஆசைப்பட்டவர்தான். உரிமை வேறு கையில் இருந்ததால், ரொபேர் தோமா எழுதிய பழைய நாடகம் ஒன்றை எடுத்துக்கொண்டு 2002-இல் ‘உய்த் ஃபாம்’, அதாவது ‘எட்டுப் பெண்கள்’ என்ற படத்தைத் தந்தார். பாரிஸிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் கொண்டுவந்த குறுந்தகட்டில் அதைப் பார்த்தேன். கத்ரீன் தெநெவ், இசபெல் உய்ப்பெர், என் பள்ளிப் பருவத்திலேயே புகழோடு இருந்த தனியேல் தரியே என எல்லோரும் ஒரே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மறுபடி எடுக்கக் கிடைக்காமல் போனதே அவருக்கு நன்மையாயிற்று என்பேன்.

நம் 1994 படத்துக்கும் ஒரு தாய்ப்படம் உண்டு. அது 1980-இல் வந்த அமெரிக்கப் படமான ‘நைன் டு ஃபைவ்’. பாஸ்டன் நகரத்து அலுவலகப் பெண்கள் 1973-இல் தொடங்கிய ‘நைன் டு ஃபைவ்’ என்ற அமைப்பின் அனுபவங்களைக் கேட்டுத்தான் ஜேன் ஃபோண்டாவுக்கு அந்தப் படம் எடுக்கும் எண்ணமே வந்தது. கமல்ஹாசன் தயாரிக்க, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, கிரேஸி மோகன் வசனம் எழுத, கதை தமிழுக்கு வந்தது. எலி மருந்து, மருத்துவமனை, மாறிப்போன பிணம், அடைத்து வைக்கப்பட்ட மேலாளர் என்று எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் சதை நம்முடையது. அமெரிக்கப் படத்தில் மூவருமே மேசை வேலைக்காரிகள். தமிழில் ஒருத்தி படித்த நவநாகரிகப் பெண் (ரேவதி), ஒருத்தி ஆசாரமான வீட்டு மருமகள் (ஊர்வசி), மூன்றாமவர் துப்புரவுத் தொழிலாளி (ரோகிணி). இந்த மூவரும் ஒரே பக்கம் நின்றதுதான் தமிழ்ப் படம் சேர்த்த புதுமை.

அந்த வருடம் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பெண்கள் கூட்டமாகப் போய்ப் படம் பார்த்தார்கள். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. நாசர் நடித்த மேலாளரின் பெயர் பாண்டியன். அதற்குப் பிறகு மேலதிகாரி ஒருவர் வராந்தாவில் வரும்போதெல்லாம் தட்டச்சுப் பெண்மணி மெதுவாக, “பாண்டியன் வர்றார்” என்பார். மற்றவர்கள் உடனே முந்தானையைச் சரி செய்துகொண்டு கோப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள். ஆண்கள் நாங்கள் நாகேஷைச் சொல்லிச் சிரித்தோம். அவர்கள் சிரித்தது வேறு காரணத்துக்கு.

அந்தச் சிரிப்பின் காரணத்தை வரலாறு சொல்கிறது. 1994-இல், வேலையிடத்தில் நடக்கும் இத்தகைய தொல்லைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. தண்டனைச் சட்டத்தில் பிரிவு இருந்தது. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எந்தப் பெண் காவல் நிலையப் படி ஏறுவாள்? ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக பன்வாரி தேவி என்ற களப்பணியாளர் 1992-இல் கொடுமைக்கு ஆளானார். அதையொட்டி எழுந்த விசாகா வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் முதல் நெறிமுறைகளை வகுத்தது. சட்டமாக வந்தது 2013-இல்.

இந்திக்காரர்களுக்காக ‘லேடீஸ் ஒன்லி’ என்ற பெயரில் கமல் தயாரித்த மறுபதிப்பு வெளிவரவே இல்லை. பார்வையாளரையே பார்க்காத மறுபதிப்பு அது.

2017 படம் மறுபதிப்பே அல்ல. பிரம்மா இயக்கிய அந்தப் படத்தில் விடுதித் தோழிகள் மூவர், ஊர்வசி, சரண்யா, பானுப்ரியா, பல ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து பயணம் போகிறார்கள். சேர்த்து வைப்பவர் ஜோதிகா. இங்கே கூண்டு அலுவலகம் அல்ல, வீடு. “கதையே இல்லையே” என்று அலுத்துக்கொண்ட நண்பரின் மனைவி, “எனக்குப் பிடிச்சிருந்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நண்பர் இன்னும் அதற்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்.

சென்ற பொங்கலுக்குப் பழைய படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். பேத்தி சிரிக்கவே இல்லை. “கமிட்டியில புகார் குடுத்தா முடிஞ்சுது. எதுக்கு தாத்தா எலி மருந்து?” என்றாள். பக்கத்தில் இருந்த என் மனைவி கேட்டாள்: “அப்ப யார்கிட்டடி குடுக்கிறது? அந்தப் பாண்டியன்கிட்டயா?”

இந்த இரண்டு கேள்விக்கும் இடையில்தான் கிட்டத்தட்ட முப்பது வருடம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உட்புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013 சட்டம். அதற்கும் குறைவான இடங்களுக்கு, வீட்டு வேலை செய்பவர்களுக்கும்கூட, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. என் பேத்திக்கு இது தெரியும். ரோகிணி நடித்த பாத்திரத்தைப் போலக் கையில் துடைப்பத்தோடு காலையில் நம் தெருவுக்கு வரும் பெண்ணிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.