பறித்து வைத்த கொப்பியும் ஹிப் ஹொப்பின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறு படிப்பிக்கிறவனிடம் சுருக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது. இரவுச் சாப்பாடு முடிந்து ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 11 வகுப்பில் ஒரு மகனின் கொப்பியைப் பறித்தேன். பாடம் நடந்துகொண்டிருக்க அவன் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தான், விரலால் மேசையில் தட்டிக்கொண்டும் இருந்தான். கேட்டதற்குப் பின் வாங்கில் இருந்து வேறொருவன் பதில் சொன்னான்: "சேர், அவர் ராப்பர்." வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைக்கவில்லை. கொப்பி என் பையில் வீட்டுக்கு வந்தது.

இரவு திறந்து பார்த்தேன். முதல் முப்பது பக்கமும் சென்னைத் தமிழ். கார், காசு, எதிரி, துப்பாக்கி. இவனுடைய தகப்பன் கூலிக்கு வயல் வெட்டுகிறவர், வீட்டில் ஒரு பழைய சைக்கிள்தான் நிற்கிறது. யாருடைய காரைப் பற்றி எழுதுகிறான் என்று எனக்கு எரிச்சல் வந்தது. மூடி வைக்கப் போகும்போது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. அதில் சென்னைத் தமிழ் இல்லை. அவனுடைய அப்பாயி பேசுகிற தமிழ். 1977இல் மலையில் லயம் எரிந்ததும், ஒரு லொறியில் ஏறி வந்ததும், வந்து இறங்கின இடத்தில் காடு மட்டும் இருந்ததும். ஒரு வரி மட்டும் அவனிடம் கேட்டுக்கொண்டு இங்கே போடுகிறேன்: "வாய்க்கா கரையில வீடு, வாளியில தண்ணி."

இரணைமடுக் குளத்தின் கீழ் இருக்கிறவர்களுக்கு இந்த வரியை நான் விளக்கத் தேவையில்லை. குளத்து நீர் பாயும் வயல்கள் நேரத்தோடு குடியேறியவர்களுக்குப் பங்கிடப்பட்டுவிட்டன. பிந்தி வந்த மலையக மக்களுக்கு மேட்டுக் காணியும் மற்றவருடைய வயலில் கூலியும்தான் பெரும்பாலும் கிடைத்தது. வாய்க்கால் வாசலால் ஓடும், ஆனால் அந்தத் தண்ணீர் அவர்களுக்கு இல்லை. நான் இரண்டு பாடவேளை எடுத்துச் சொல்லும் விஷயத்தை அவன் ஐந்து சொல்லில் எழுதியிருந்தான்.

அடுத்த நாள் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, "இந்த ஹிப் ஹொப் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா?" என்று கேட்டேன். "அமெரிக்கா சேர்" என்றான். அமெரிக்காவில் எங்கே, யார், ஏன் என்றால் தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் தேடினோம். தேடியதில் கிடைத்ததைத்தான் கீழே எழுதுகிறேன். இசை கூடுமா கூடாதா என்று கருத்துப் பெட்டியில் சண்டை பிடிக்க வேண்டாம், அதை உலமாக்களிடம் விடுகிறேன். எனக்கு இது வரலாறு. (உண்மையைச் சொன்னால் மூன்று பாட்டுக்கு மேல் கேட்க எனக்குத் தலையிடிக்கும்.)

நியூயோர்க் நகரில் பிரொங்ஸ் என்று ஒரு பகுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் நடுவால் ஒரு பெரிய நெடுஞ்சாலை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ளவர்கள் வெளியேற, கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து வந்தவர்களும் தங்கினார்கள். 1970களில் அங்கே கட்டடங்கள் எரிந்தன. பலவற்றை உரிமையாளர்களே காப்புறுதிப் பணத்துக்காக எரிப்பித்தார்கள். எரிந்த சுவர்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடும் பழைய படங்களைக் காட்டியபோது, "கிளிநொச்சி மாதிரிக் கிடக்கு சேர்" என்றான். 2009க்குப் பிறகு மெனிக் பாமில் இருந்து திரும்பி வந்த குடும்பம் அவனுடையது. தண்ணீர்த் தாங்கி விழுந்து கிடந்ததை அப்பா சொல்லி அவன் அறிந்தவன்.

அந்தப் பிரொங்ஸுக்கு 1967இல், 12 வயதில், ஜமேக்காவில் இருந்து வந்து சேர்ந்தவர் கிளைவ் கேம்பல். பிறகு டீஜே கூல் ஹேர்க் என்று பெயர் எடுத்தார். 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தின் பொது அறையில் அவருடைய தங்கை சின்டி ஒரு விருந்து வைத்தார். ஏன் தெரியுமா? பாடசாலை தொடங்கப் போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும். அழைப்பைக் கையால் எழுதினார்கள். நுழைவுக் கட்டணம் பெண் பிள்ளைகளுக்கு 25 சதம், ஆண் பிள்ளைகளுக்கு 50 சதம். ஹிப் ஹொப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது அந்த விருந்தைத்தான். பாடசாலைச் செலவுக்குக் காசு சேர்த்த ஒரு பெண்பிள்ளையின் யோசனை அது. இந்தப் பகுதியில் எந்தத் தாய்க்கும் அந்தக் கணக்கு விளங்கும்.

ஹேர்க் செய்தது என்ன? ஆடுகிறவர்கள் பாட்டு முழுவதையும் விட, நடுவில் பாடகர் நிறுத்தி மேளம் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகளுக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிய மற்றதில் அதே இடத்தைத் தொடங்கினார். சில வினாடி பல நிமிடமானது. அதன் மேல் ஒலிவாங்கியைப் பிடித்து எதுகையாகப் பேசினார்கள். புதுக் கருவி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. தகப்பனிடம் இருந்த ஒலிபெருக்கியும் பழைய தட்டுகளும்தான்.

இன்னொரு கதை அவனுக்கு மிகவும் பிடித்தது. தியடோர் என்ற பையன் வீட்டில் பெரிய சத்தமாகப் பாட்டுப் போட, தாய் வந்து கதவைத் தட்டி ஏசினாராம். அவர் பேசுவதைக் கேட்பதற்காகச் சுழன்ற தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்திருக்கிறான். அந்தக் கீறல் சத்தம் பிறகு ஹிப் ஹொப்பின் அடையாளமாகிவிட்டது. இதை அந்தத் தியடோரே பெரியவரான பிறகு சொல்லியிருக்கிறார். "என்ர அம்மா ஏசினா ஒண்டும் வராது சேர்" என்றான் இவன்.

தொடக்கத்தில் பாட்டெல்லாம் கொண்டாட்டம்தான். 1982இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவின் பெயரில் வந்த 'த மெசேஜ்' தான் உடைந்த தெருவையும் வறுமையையும் பெரிய அளவில் வெளியே சொன்னது. அதாவது தன் வாசலைப் பற்றி எழுத அவர்களுக்கே ஒன்பது வருடம் எடுத்தது. இவன் முப்பது பக்கத்தில் அந்த இடத்துக்கு வந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை, தலைக்கனம் வந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த இடம். ஹேர்க் ஜமேக்காவில் இருந்து வந்தார் என்றேன் அல்லவா? ஜமேக்கா கரும்புத் தோட்டங்களின் நாடு. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆபிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1834இல் பிரித்தானியா தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. தோட்டங்களை ஒழிக்கவில்லை. மலிவான உழைப்புக்கு இந்தியாவைப் பார்த்தார்கள். மொரீசியஸ், மலாயா, தென்னாபிரிக்கா என்று கப்பல்கள் போயின. ஜமேக்காவுக்கும் 1845 முதல் இந்தியத் தொழிலாளர் போனார்கள். இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைக்கும், தமிழ்நாட்டில் இருந்து வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, எங்கள் வன்னிக் காட்டின் ஓரத்தால், மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாதையில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1977 கலவரத்தில் அடிபட்டு, திரும்பவும் வன்னிக்கு வந்தார்கள். காந்தியம் அமைப்பு வவுனியாவிலும் அயலிலும் குடியேற்ற உதவியது. எங்கள் பக்கத்தில் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் என்று சொன்னாலே உங்களுக்குத் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தமிழ் ராப்பைப் பாருங்கள். அது சென்னையில் தொடங்கவில்லை, மலேசியாவில் தொடங்கியது. அங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் வழிவந்தவர்கள். 1990களில் பொயடிக் அம்மோ என்ற குழுவில் இருந்த யோகி பி, பிறகு நட்சத்திரா குழுவுடன் 2006இல் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா 1980இல் அமைத்த 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன் மேல் ராப் செய்தது அதில்தான். பழைய தட்டில் இருந்து புதுப்பாட்டு, ஹேர்க் செய்த அதே வேலை. மடை என்றால் என்னவென்று நகரத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் துருசு திறக்கிற நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறவர்கள்.

எங்கள் நாட்டுக் கணக்கையும் சொல்ல வேண்டும். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று அறியப்படுகிறவர், லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்து, 1986இல் அகதியாகத் திரும்ப லண்டன் போனவர். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தகப்பனின் பெயர், 2007இல் வந்ததற்குத் தாயின் பெயர். கொழும்பில் இருந்து தினேஷ் கனகரத்தினம் தமிழ்ச் சினிமா வரைக்கும் போனார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போல், மிருதங்கத்தை வைத்துக்கொண்டு ராப் செய்கிறார்.

ஆனால் எங்கள் மகனைப் பிடித்து உலுப்பியது 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' தான். அறிவும் தீயும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர். நிலத்தைப் பண்படுத்தியவர்களுக்கு நிலம் இல்லை என்ற கதையை அவரிடம் கேட்டுத்தான் அறிவு எழுதினார். எங்கள் பிள்ளைகள் கலியாண வீட்டிலும் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். அது தங்களுடைய அப்பாயியின் கதை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும்தான். ஒப்பந்தத்தின் திகதியைப் பாடமாக்கச் சொன்னேன், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கரும்பலகையில் எழுதினேன். அந்த எண்ணுக்குள் ஒருத்தி இவனுடைய வீட்டுத் திண்ணையில் இருந்து வெற்றிலை இடிக்கிறா என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பாட்டுக்குப் பிறகு நடந்ததையும் அவனுக்குச் சொன்னேன். 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா சஞ்சிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவின் படத்தோடு ஓர் இணைய அட்டை வந்தது. யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஒரு பாட்டு பெரிதாகப் பெரிதாக, அதன் முதல் சொல் யாருடைய வாயில் இருந்து வந்தது என்பது மறைந்துபோகலாம். அதை மட்டும் கவனி என்றேன்.

பிறகு அவனை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன், ராப் அல்ல, கட்டுரை. இதனால் உனக்கு என்ன வந்தது என்று. நாலு நாள் கழித்துத் தந்தான். எழுத்துப்பிழை நிறைய, கருத்தில் பிழை இல்லை. தரம் 6இல் வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது தன்னுடைய பேச்சுக்குப் பிள்ளைகள் சிரித்தார்களாம், அன்றிலிருந்து வாய் திறப்பதில்லையாம். சென்னை ராப்பர் மாதிரிப் பேசினால் ஒருவரும் சிரிக்கவில்லையாம், அதனால் அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டானாம். அப்பாயியின் கதையை எழுதத் தொடங்கியபோது அந்தப் பாஷையில் அது வரவில்லையாம். 'லயம்', 'பெரட்டு', 'கொழுந்து' என்று அவ சொல்கிற சொல் எல்லாம் அப்படியே வேண்டியிருந்ததாம். ஒரு வரியை 11 தரம் வெட்டி எழுதியதாகவும், முன்பு வீட்டுப்பாடம் எதையும் இரண்டாம் முறை எழுதியதில்லை என்றும் முடித்திருந்தான்.

அந்தப் பக்கத்தை வாசித்தபோது எனக்கு என் ஞாபகம் வந்தது. 1990 ஒக்டோபரில் நாங்கள் வடக்கை விட்டுப் போகும்போது நான் சிறு பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து பாடசாலை போனோம். நான் கதைத்த தமிழுக்கு அங்கும் சிரித்தார்கள், "அகதி" என்று கூப்பிட்டார்கள். இரண்டு வருடத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். ஊரைப் பற்றி உம்மா சொன்ன கதைகளை நான் எழுதி வைக்கவில்லை. கிணறு எந்தப் பக்கம் இருந்தது, வேலியில் என்ன மரம் நின்றது என்று இன்றைக்கு யாரிடம் கேட்பது? உம்மா மௌத்தாகி ஆறு வருடம். நோன்பு இரவில் ரபானைத் தட்டிப் பாடிக்கொண்டு சஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் பாட்டில் ஒரு வரி கூட எனக்கு முழுதாக ஞாபகம் இல்லை, தாளம் மட்டும் இருக்கிறது.

சில பெற்றோர் என்னிடம் கேட்டார்கள்: "சேர், சாதாரண தரப் பரீட்சை வருது, நீங்களே இவனுக்கு உசார் ஏத்திறியள்." நியாயமான பயம். அவனுடைய தாயோடு கதைத்தேன். பரீட்சை முடியும் வரை கிழமையில் ஒரு நாள், சனிக்கிழமை ரியூசன் விட்ட பிறகு ஒரு மணித்தியாலம், என்று ஒப்பந்தம். கணிதத்தில் போன தவணையை விடக் குறைந்தால் கொப்பி திரும்ப என்னிடம் வரும். இந்தப் பாட்டால் அவன் பெரிய ஆளாவான் என்று நான் தாய்க்குச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

எழுதியதை அவன் அப்பாயிக்குப் பாடிக் காட்டியிருக்கிறான். அவ கேட்டுவிட்டு, லொறி இல்லையடா, முதலில் ரயில், மாங்குளத்துக்குப் பிறகுதான் லொறி என்று திருத்தினாவாம். ரயிலில் யார் யார் வந்தது என்று இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறா. இரண்டாவது கொப்பி வாங்கியாயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் "சொன்னது அப்பாயி" என்று எழுதுகிறான்.

இப்போது இன்னும் மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள், அதில் இருவர் பெண் பிள்ளைகள். ஒருத்திக்கு ராப்பில் விருப்பமில்லை, கதை எழுதத்தான் வருகிறாள். உங்கள் வீட்டில் 1958இலோ 1977இலோ 1983இலோ மலையில் இருந்து இங்கே வந்த மூத்தவர்கள் இருந்தால், பிள்ளைகள் வந்து கேட்டு எழுத அனுமதி தாருங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அந்தக் காலத்துத் தோட்டத் துண்டு, ரயில் டிக்கட், படம் ஏதும் இருந்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம். தேநீர் தந்தால் குடிப்போம், சீனி குறைவாக.